காப்ளர் வேகாத மே மாதம்

மே 14, செவ்வாய்

மழை இல்லை. கரண்ட் பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை இல்லை. மின்வாரிய செக்‌ஷன் ஆபீசுக்குப் போன் போட்டால் புதிதாக வந்த ஆள் "ஓவர்லோடு சார், சீசன் டைம்" என்கிறார். முப்பத்தோரு வருஷம் இந்தக் கொடைக்கானல் மலையில் கம்பம் ஏறி, கடைசியில் ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவனுக்கு ஓவர்லோடு பற்றிப் பாடம் எடுக்கிறார்.

சீசன் வந்தால் ஊருக்கு வருமானம், எனக்கு வயிற்றெரிச்சல். இன்று ஒரு வேன் கூட்டம் வேலிக்கு வெளியே நின்று கையை உள்ளே விட்டு பீச் காய்களைப் பறித்தது. "ஆப்பிளா அங்கிள்?" என்று ஒரு அம்மாள் கேட்டார். பீச் என்றேன். கடித்துத் துப்பிவிட்டு, "இன்னும் பழுக்கல போல" என்று எனக்கே தகவல் சொல்லிவிட்டு வண்டி ஏறினார். மரம் என் வீட்டுக்காரி லில்லி நட்டது. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. மரம் பாட்டுக்கு வருஷா வருஷம் காய்க்கிறது, நான் பாட்டுக்குப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

நாலரை மணிக்கு மதுரை நம்பரிலிருந்து போன். "சார், நான் கிதியோன் பேசுறேன்" என்றது குரல். வைத்துவிட்டேன்.

மே 15, புதன்

போனை வைத்தால் விடுவானா, மெசேஜ் அனுப்பியிருக்கிறான். அப்படியே எழுதி வைக்கிறேன்.

"சார் வணக்கம். பியூலாவுக்கு நாலாம் மாசம். வாந்தி நிக்கல. ஒன்பது நாளா ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏறுது. 55 கிலோ இருந்தா, இப்ப 47.1. நாப்பத்தஞ்சுக்குக் கீழ போனா மூக்கு வழியா குழாய் போட்டுதான் ஊட்டணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. ரெண்டு நாளா அவங்க அம்மா செஞ்ச பீச் காப்ளர் பத்தியே பேசிக்கிட்டு இருக்கா. செய்முறை வீட்ல இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க சார். நான் செஞ்சு பாக்குறேன்."

நாலாம் மாதம் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பெற்ற மகள் உண்டாகியிருப்பதை மெசேஜில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதில் 'நான் செஞ்சு பாக்குறேன்' வேறு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் வாத்தியார். போர்டில் வயரிங் வரைந்து காட்டுகிறவனுக்குக் காப்ளரைப் பற்றி என்ன தெரியும்? அது கேக் மாதிரி கலக்கி ஊற்றுகிற சமாசாரம் இல்லை. கீழே சர்க்கரையில் ஊறின பீச் துண்டுகள், மேலே வெண்ணெய் போட்டுப் பிசிறின மாவு. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல் வேக வேண்டும். லில்லி பள்ளிக்கூட விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தபோது ஒரு வெள்ளைக்கார டீச்சரம்மாவிடம் கற்றுக்கொண்டது. மே மாதம் வந்தால் வீட்டில் அது உண்டு. மதுரை வெயிலில் அந்தப் பழத்தைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது.

பதில் போடவில்லை.

மே 16, வியாழன்

பக்கத்து வீட்டு அமலோற்பவத்திடம் பீச் பழுக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டது என் தப்பு. ஏன் கேட்கிறீர்கள், யாருக்கு, எதற்கு என்று தோண்டி விஷயம் முழுவதையும் வாங்கிவிட்டாள்.

"நாலாம் மாசமா? அப்ப கேட்டத குடுத்துரணும்ணே. மசக்கைக்காரி ஆசப்பட்டத குடுக்கலேன்னா பொறக்குற பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்."

"அது கிருமியால வர்றதும்மா."

"எங்க ரெண்டாவதுக்கு வடிஞ்சுச்சு. நான் புளியங்கா கேட்டேன், இந்த மனுசன் நாளைக்கு நாளைக்குன்னாரு. எந்தக் கிருமி வந்து தடுத்துச்சு அவர?"

இவளிடம் அறிவியல் பேசுவது செவிடன் காதில் சங்கு ஊதுவதுதான். வீட்டுக்கு வந்து காய்களை எண்ணினேன். அறுபத்துநாலு.

பழம் வீணாகப் போகக் கூடாதே என்றுதான் செய்யப் போகிறேன். இதற்கு யாரும் வேறு அர்த்தம் எடுக்க வேண்டாம்.

மே 17, வெள்ளி

குரங்கு. மிச்சம் ஐம்பத்தொன்று. எடை 46.8 என்று மெசேஜ். நான் கேட்கவில்லை, அவனாக அனுப்புகிறான்.

மே 19, ஞாயிறு

காலை ஆராதனை. சர்ச் போதகர் ஐயர் முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தார். என் கவனம் குரங்கின் மேல் இருந்தது.

மத்தியானம் லில்லியின் சர்ச் பாட்டுப் புத்தகத்துக்குள் செய்முறைச் சீட்டு கிடைத்தது. அவள் கையெழுத்து. "பீச்: வேண்டிய மட்டும். மைதா: ரெண்டு டம்ளர். வெண்ணெ: கைக்கு அடங்குற அளவு. பேக்கிங் பவுடர்: கொஞ்சம். பட்டைத்தூள்: வாசத்துக்கு. சூடு: பாத்துக்கணும்."

எந்த டம்ளர்? யாருடைய கை? பாத்துக்கணும் என்றால் எதைப் பார்ப்பது? ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்கு இப்படி எழுதி வைத்திருந்தால் ஊரே எரிந்து போயிருக்கும். இருபத்தெட்டு வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தினேன், ஒரு நாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கலாம். மேஜைக்கு வந்த பிறகு இனிப்பு கூட, குறைவு என்று சொன்னதோடு சரி.

அந்தப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. கிதியோன் பெண் கேட்டு வந்தபோது, "ஒரே சபைதான் சார், ஒரே பாட்டுப் புத்தகம்தான்" என்று சொன்னான். நான் எந்த ஊர் என்று கேட்டேன். எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னான். அதோடு பேச்சு முடிந்தது. நான் ஒரு வார்த்தை தடித்துப் பேசவில்லை. டீ கூடக் கொடுத்தேன். அடுத்த மாதம் பியூலா ஒரு பெட்டியோடு போய்விட்டாள், இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. இது நடந்த கதை, பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை.

எடை 46.9. பரவாயில்லை.

மே 21, செவ்வாய்

அரிசிப் பானையில் வைத்ததில் பன்னிரண்டு பழம் கனிந்தது. முதல் முயற்சி.

தோல் உரிக்கக் கத்தியை எடுத்தால் தோலோடு பாதிச் சதையும் வருகிறது. கொதிக்கும் தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்தால் தானாக உரியும் என்று அமலோற்பவம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள், ஒன்பதாவது பழத்துக்குப் பிறகு. முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? இந்த ஊர் பீச்சில் கொட்டையும் சதையை விடாது. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி வெட்டினேன்.

ஓவன் என்பது லில்லியின் பழைய அலுமினிய வட்ட ஓவன்தான். மூடியில் கண்ணாடி, அடியில் சூடேற்றுகிற காயில் கம்பி. சாயங்காலம் வோல்டேஜ் 230 வர வேண்டிய இடத்தில் 180. ஐம்பது நிமிஷம் கழித்துத் திறந்தால் அடியில் பழம் கரி, மேலே மாவு அப்படியே வெள்ளையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னும் இருபது நிமிஷம் வைத்தேன். கரி கூடினது, மாவு அசையவில்லை.

கரண்டியால் வழித்துக் குப்பைக் குழியில் போட்டேன். பாத்திரம் இன்னும் ஊறுகிறது.

மே 22, புதன்

எடை 46.3.

மே 24, வெள்ளி

"செய்முறை கிடைச்சுதா சார்?" என்று மெசேஜ். எரிச்சலில் "வட்ட ஓவனில் மேல்சூடு இல்லை" என்று பதில் போட்டுவிட்டேன். அனுப்பின பிறகுதான் உறைத்தது. இனி நான் செய்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்டது. இரண்டே நிமிஷத்தில் பதில். "காயில் கம்பி அடியில மட்டும் இருக்குறதால அப்படித்தான் சார் ஆகும். மூடி மேல கொஞ்சம் கரித்தணல் பரப்புனீங்கன்னா மேலயும் சிவக்கும்." படம் வேறு வரைந்து, அம்புக்குறி போட்டு அனுப்பியிருக்கிறான். முப்பத்தோரு வருஷ ஃபோர்மேனுக்கு அம்புக்குறி.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று. எடை 46.0. என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதற்கு, இரண்டு வாய் மோர் நின்றதாம், பிறகு அதுவும் வந்துவிட்டதாம்.

மே 25, சனி

அவன் சொன்னதற்காக இல்லை, வேறு வழி இல்லை என்பதால் தணல் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு பழம். இந்தத் தடவை வெந்நீரில் போட்டு உரித்தேன், சட்டை கழற்றுகிற மாதிரி வந்தது. பட்டைத்தூள் வாசம் எழும்பினதும் லில்லி சமையலறையில் நிற்பது போலவே இருந்தது. ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன்.

மேல் மாவு சிவக்க ஆரம்பித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். சிவந்தது, நன்றாகச் சிவந்தது. அந்த நேரம் மூடிக் கண்ணாடி படீரென்று விட்டது. காப்ளர் முழுக்கக் கண்ணாடித் தூள்.

போன் போட்டுத் திட்டினேன். வாத்தியாருக்குக் கண்ணாடி மேல் தணல் வைக்கக் கூடாது என்று தெரியாதா என்று கேட்டேன். "கண்ணாடி மூடின்னு தெரியாது சார், தகர மூடின்னு நெனச்சுட்டேன்" என்றான். "கையில பட்டுருச்சா சார்?" என்றும் கேட்டான். வைத்துவிட்டேன். கட்டை விரலில் சின்னக் கீறல்தான்.

பியூலா என்னிடம் பேசுவாளா என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 27, திங்கள்

காட்டெருமை வேலியை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து ஒரு கிளையை முறித்துத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. வனத்துறைக்குப் போன் செய்தேன். "அது அப்படித்தான் சார் வரும்" என்றார்கள். மிச்சம் பதினெட்டு. எடை 45.9.

மே 29, புதன்

காசிம் பாய் பேக்கரி. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊரில் பாதிப் பேர் கேக் மாவைக் கலக்கி, தகர டின்னில் பேர் எழுதி ஒட்டி அங்கேதான் கொடுப்பார்கள். பாய் ரொட்டி சுட்டு முடிந்ததும் மிஞ்சின சூட்டில் வைத்து எடுத்துத் தருவார். விறகு அடுப்பு, நாலு பக்கமும் சூடு. இது முதலிலேயே என் மண்டையில் ஏறியிருக்க வேண்டும்.

ஒன்பது பழம். டின்னில் அடியில் பழம், மேலே மாவை உருட்டி உருட்டி வைத்து, துணி போட்டு மூடி, மூன்று மணிக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். ஐந்து மணிக்கு வரச் சொன்னார். போனேன். பாய் முகமெல்லாம் சிரிப்பாக டின்னை நீட்டினார்.

"நல்லவேளை, வைக்கிறதுக்கு முன்னாடி தெறந்து பாத்தேன் சார். மாவு கலங்கவே இல்ல. அடியில தண்ணி, மேல கட்டி கட்டியா. வீட்டுல பொம்பள இல்லாத ஆளு, தெரியாம விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். நல்லா அடிச்சுக் கலக்கி, ரெண்டு முட்டையும் ஊத்தி விட்டுட்டேன். இப்பப் பாருங்க, எப்படிப் பொங்கியிருக்கு."

பொங்கித்தான் இருந்தது. அருமையான கேக். பாய் மேல் கோபப்படவும் முடியவில்லை. முட்டை அவருடையது, மனசும் அவருடையது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இங்கே குரங்குக்கு முட்டையும் ஊற்றியாயிற்று.

கேக்கை அமலோற்பவம் வீட்டுக்குக் கொடுத்தேன். "இதுவா அந்தக் காப்ளர்? நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

எடை 45.6. ஒன்பது பழம் மிச்சம்.

மே 31, வெள்ளி

எடை 45.3. இன்று மெசேஜ் இரண்டு வரிதான். டாக்டரம்மா செவ்வாய்க்கிழமை வரை பார்க்கிறேன் என்றாராம். அதற்குமேல் குழாய்.

வேறு டின் தேடி மேல் அலமாரியைக் குடைந்தேன். பின்னால் ஒரு கட்டு பேப்பர் கப் இருந்தது. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, எண்ணினேன். ஐம்பது கப் உள்ள கட்டு. நாற்பத்தொன்பது இருக்கிறது.

எழுதிவிடுகிறேன். அவன் பெண் கேட்டு வரப் போகிறான் என்று பியூலா சொன்ன அன்று காலையில் கடைக்குப் போய் நான்தான் வாங்கி வந்தேன்; தெருவைக் கேட்பதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. வீட்டில் லில்லி வைத்துவிட்டுப் போன எவர்சில்வர் டம்ளர் பதினாறு இருந்தது. எனக்கும் பியூலாவுக்கும் டம்ளரில் டீ, அவனுக்குப் பேப்பர் கப்பில். அவன் குடித்து முடித்துக் கப்பைக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று பார்த்தான். பியூலா எழுந்து போய்த் தன் டம்ளர் டீயைத் தொட்டியில் கொட்டினாள். அன்றைக்கு அது மரியாதைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கேயும் டீக்கடையில் பேப்பர் கப்தானே என்றும் சொல்லிக்கொண்டேன்.

லில்லி இருந்திருந்தால் கட்டையும் என்னையும் சேர்த்து வெளியே எறிந்திருப்பாள்.

ஜூன் 3, திங்கள்

லேசான தூறல். கரண்ட் இருந்தது. தேவையில்லாத நாளில் நன்றாக இருக்கும்.

கடைசி ஒன்பது பழம். இந்தத் தடவை டின்னைக் கொடுத்துவிட்டு வரவில்லை. பேக்கரி அடுப்புக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பாய்க்கு வருத்தம். "நம்ம மேல நம்பிக்கை இல்லையா சார்" என்றார். "பாய், இது இப்படித்தான் இருக்கணும். கலக்குனா என் மகளுக்கு ஆகாது" என்றேன். மகளுக்கு என்று சொன்னதும் அவரே பக்கத்தில் நின்று நீளக் கரண்டியால் டின்னை இரண்டு தடவை திருப்பி வைத்தார்.

நாற்பது நிமிஷம். மேலே பொன்னிறம், ஓரத்தில் பழச்சாறு குமிழி விட்டது. லில்லி செய்ததைவிட ஒரு சுற்றுக் கூடச் சிவப்பு, ஆனால் அதேதான். பாய் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரென்ன சொன்னீங்க?" என்றார்.

எடை 45.1. நாளைக் காலை ஆறரை பஸ். நானே கொண்டு போகிறேன். பார்சலில் அனுப்பினால் உடைந்துவிடும், அதனால்தான்.

ஜூன் 4, செவ்வாய். மதுரை

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். விசிறி ஒன்று சுற்றுகிறது, காற்று வேறு யாருக்கோ போகிறது.

நாலு மணி நேரம் டின்னைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பக்கத்து ஆள் என் மேல் சாய்ந்தார். நான் டின்னை மறுபக்கம் சாய்த்தேன். "சாப்பாடா சார், நல்ல வாசம்" என்றார். "சாயாம உட்காருங்க" என்றேன்.

கிதியோன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். இரண்டு வருஷத்தில் இளைத்திருக்கிறான். டின்னை வாங்கக் கை நீட்டினான், நான் கொடுக்கவில்லை. மாடிக்குக் கூட்டிப் போகும்போது, குழாய் பற்றி டாக்டரம்மா ராத்திரி பார்த்துத்தான் சொல்வார் என்றான்.

பியூலாவைப் பார்த்தேன். நாற்பத்தைந்து என்று தினமும் எண்ணில் படித்தது வேறு, கட்டிலில் பார்ப்பது வேறு. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனாள். துண்டை அவிழ்த்து டின் மூடியைத் திறந்தேன்.

"அப்பா" என்றாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டாள். கிதியோன் ட்ரேயை எடுப்பதற்குள் நான் எடுத்துப் பிடித்துவிட்டேன். வெறும் பித்தம். முதுகைத் தடவினேன், விரலுக்கு முள்ளெலும்பு தட்டுப்பட்டது.

"அத மூடுங்கப்பா. வெண்ணெ வாசம். வெண்ணெ, நெய் எது வாசம் வந்தாலும் எனக்கு ஆகல."

"நீ கேட்டதாத்தானே எழுதியிருந்தான்."

"எப்பக் கேட்டேன்? அம்மா செய்றப்ப வீடே மணக்கும்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். சும்மா பேசிக்கிட்டு இருந்தேன்பா. திங்கணும்னு சொல்லல."

மூன்று வாரம். அறுபத்துநாலு பழம். ஒரு ஓவன் மூடி. திரும்பி அவனைப் பார்த்தேன். "நான் செய்முறைதான் சார் கேட்டேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. அதுவும் உண்மைதான், அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது. நான் டின்னை மூடி, துண்டைச் சுற்றி, வந்த வழியே பஸ்ஸுக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

பியூலா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மூடினபடியே சொன்னாள். "அவரு காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. அவருக்குக் குடுங்க."

"வாங்கிக்கச் சொல்லு."

கண்ணைத் திறந்தாள். "நீங்க போட்டுக் குடுங்கப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கும் அவளுக்கும் இல்லை.

கீழே கேன்டீனுக்குப் போய்த் தட்டு கேட்டேன். பேப்பர் தட்டு அடுக்கைக் காட்டி, "எடுத்துக்கங்க சார்" என்றார்கள். கை போகவில்லை. வெயிலில் இறங்கி நடந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு பாத்திரக் கடை இருந்தது. எவர்சில்வர் தட்டு ஒன்று எடுத்தேன், கனமானதாகப் பார்த்து. கடைக்கார அம்மாள் வாங்கித் துடைத்துவிட்டு, பேர் வெட்டுகிற மிஷினைக் கையில் எடுத்தார்.

"யாருக்கு சார்? பொண்ணுக்கா?"

"மருமகனுக்கு" என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

"பேரு?"

"கிதியோன்."

"இனிஷியல் சொல்லுங்க."

நின்றேன். அந்த அம்மாள் மிஷினைப் பிடித்தபடி காத்திருந்தார். எனக்குத் தெரியவில்லை. அவன் தெரு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட எனக்கு அவன் தகப்பன் பெயர் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வயதில், ஒரு பாத்திரக் கடையில், இரண்டு பேர் பார்க்க, அப்படி ஒரு வெட்கம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

போன் போட்டேன். "சார், ஒண்ணும் இல்ல சார், பியூலா தூங்குறா" என்று பதறிக்கொண்டே எடுத்தான்.

"அது இல்ல. உங்க அப்பா பேரென்ன?"

"எதுக்கு சார்?"

"கேட்டா சொல்லேன்பா."

"யோனத்தான் சார். திருமங்கலத்துல டெய்லரா இருக்காரு. சாயங்காலம் வருவாரு. தினமும் கஞ்சி கொண்டாருவாரு."

யோ. கிதியோன் என்று வெட்டி வாங்கினேன்.

வராந்தாவில், வாசம் உள்ளே போகாத கடைசி பெஞ்சில் அவனை உட்கார வைத்துப் போட்டுக் கொடுத்தேன். தட்டை வாங்கினவன் பேரைப் பார்த்தான். கட்டை விரலால் ஒரு தடவை தடவினான். பிறகு சாப்பிட்டான். மூன்று தடவை போட்டேன். அடிப்பக்கம் கொஞ்சம் வேகவில்லை, எனக்கே தெரிந்தது. கேட்டேன். "நல்லா வெந்திருக்கு சார்" என்றான். வாத்தியாருக்குப் பொய்யும் சொல்லத் தெரியவில்லை.

ஐந்தரைக்கு யோனத்தான் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார். கழுத்தில் இஞ்ச் டேப், கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் தூக்குவாளி. கிதியோன் எங்களை அறிமுகப்படுத்த வாயெடுப்பதற்குள், "வாங்க சம்பந்தி, எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களா" என்றார். இரண்டு வருஷமாக நான் பக்கத்துத் தெருவில் இருந்துவிட்டு இன்றைக்குத் தற்செயலாக வந்தது போலக் கேட்டார்.

நொய்க் கஞ்சி. நெய் கிடையாது, தாளிப்பு கிடையாது, ஒரு கல் உப்பு. அவர் ஊட்டவில்லை, கரண்டியை என்னிடம் கொடுத்தார். "நாங்க தினமும் குடுக்குறதுதான். இன்னைக்கு நீங்க குடுத்துப் பாருங்க" என்றார். பியூலா நாலு கரண்டி குடித்தாள். ஐந்தாவதுக்குக் கையைக் காட்டினாள். "அப்பா, போதும்" என்றாள்.

மிச்சக் கஞ்சியை யோனத்தான் தூக்குவாளியோடு கொண்டு வந்திருந்த டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினார். "காலைல கெளம்பி வந்தவரு நீங்க, குடிங்க சம்பந்தி." அவர் வீட்டு டம்ளர். குடித்தேன். உப்புக் குறைவுதான், சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

பியூலா கஞ்சி குடித்தது ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு. இப்போது ஆறு ஐம்பத்தைந்து. இன்னும் வாந்தி எடுக்கவில்லை.